சனிக்கிழமைத் தண்ணீர்

மரக்கடைக்காரர் தன் தங்கை வீட்டுக்குள் நுழையும்போது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் நுழைவார். ஒரு செருமல் என்றால் சும்மா வந்திருக்கிறார். இரண்டு என்றால் ஏதோ வேலை இருக்கிறது. அன்றைக்கு மூன்று முறை செருமினார். அந்த வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கும் எனக்கு அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படி நேரே அவர்களுடைய கூடத்தில்தான் இறங்குகிறது. வெளியே போக வேண்டுமானால் அவர்கள் பேச்சுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். "நல்ல நேரத்துல வந்தீங்க, உட்காருங்க சார்" என்றார் மரக்கடைக்காரர். வெளியே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். நகராட்சித் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பது இடம். அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையின் மூப்பர்கள் கூடிப் பேசி, ஐந்து இடத்தில் சபை ஆட்கள் ஜெயித்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஐந்து வந்தால் ஊர் விசுவாசிகள் கைக்கு வந்த மாதிரிதான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் சாராயக்கடையை மூடலாம், ஆராதனை நேரத்தில் சந்தையைப் பூட்டலாம், கூட்டத்தை ஜெபத்தோடு ஆரம்பிக்கலாம், ஊரையே வேதத்தின்படி நடத்தலாம். இதில் மேட்டுத் தெருவுக்கு நிற்க வேண்டியவர் மரக்கடைக்காரரின் தங்கை கணவர், அதாவது நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்.

அவரை ஊரில் வால்வுக்காரர் என்பார்கள். மலையடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை முறை வைத்துத் தெருத் தெருவாகத் திறந்துவிடுவது அவர் வேலை. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக நடக்கிறார். அவரைத் தெரியாத வீடு கிடையாது. இப்படி ஊருக்கே தெரிந்த ஓர் ஆளை எந்தக் கட்சிதான் விடும்? ஒரே ஒரு சிக்கல், நகராட்சிச் சம்பளம் வாங்குகிறவர் தேர்தலில் நிற்க முடியாது. மனுத் தாக்கல் செய்வதற்கு முன்னால் வேலையை விட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு நான்கு வாரம் இருந்தது.

வால்வுக்காரர் பிடி கொடுக்காமல் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். கேட்டது காதில் விழாததுபோல ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நீ என்ன சொல்றே என்று அண்ணன் கேட்டதும் மெஷினை நிறுத்தினார்.

"எனக்கு நாற்காலி ஆசையெல்லாம் இல்லண்ணே. இவரு முட்டிக்கு ஒரு நாற்காலி கிடைச்சா நல்லது" என்றார்.

அது வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை. ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு குழி, ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏற வேண்டும். மழைக்காலத்தில் குழிக்குள் கணுக்கால் அளவு சேறு நிற்கும். சாயங்காலம் வீடு திரும்பியதும் முட்டியில் சூடான துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவிக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. அண்ணன் கொண்டுவந்த யோசனையில் அவருக்குப் பிடித்திருந்தது அந்த ஒன்றுதான், ஆனால் அது ரொம்பவே பிடித்திருந்தது.

யோசித்துச் சொல்வதாக வால்வுக்காரர் சொன்னார். மரக்கடைக்காரர் விடவில்லை. பதவி வருவதற்கு முன்னாலேயே ஜனங்களுக்கு ஒரு நல்லது செய்து காட்டலாமே என்றார். சபை ஆட்கள் பாதிப் பேர் மேட்டுத் தெருவில் இருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு வெள்ளியும் ஞாயிறும் முறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் தண்ணீர் வருவதால் வீட்டுக்கு ஒரு பெண் குடத்தோடு குழாயடியில் நின்றுவிடுகிறாள். பள்ளத் தெருவுக்குச் செவ்வாயும் சனியும். மேட்டுத் தெரு ஞாயிறைப் பள்ளத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய சனிக்கிழமையை இங்கே வாங்கிக்கொண்டால் என்ன? ஒரு நாளுக்கு ஒரு நாள் சரியாகப் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை.

இதில் வால்வுக்காரருக்கே ஓர் ஆதாயம் இருந்தது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. மற்ற வால்வுகளைப் பாதி மூடி, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். மூன்று மணி நேரம் குழியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் மேட்டில் கடைசி ஆறு வீட்டுக்கு வெறும் காற்றுதான் வரும். பள்ளத் தெரு அப்படியில்லை, திறந்துவிட்டுப் போனால் தண்ணீர் தானாக இறங்கும். அதனால் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஞாயிறு ஆராதனை என்பது குழிக்குள் நின்றபடி தூரத்தில் கேட்கும் பாட்டுதான். முறையை மாற்றினால் சபையில் உட்காரலாம்.

முறையை மாற்றுவதற்கு நகராட்சி உத்தரவு வேண்டும் என்று எங்கோ எழுதியிருக்கிறது. ஆனால் அந்த அலுவலகத்தில் பத்து வருடமாக முறைத் தாளை எடுத்துப் பார்த்தவர் கிடையாது. வால்வுக்காரர் வைத்ததுதான் முறை. அவர் மாற்றினார். பம்பு அறைப் பலகையில் சுண்ணக்கட்டியால் இருந்ததை அழித்துப் புதிதாக எழுதினார். அதைச் செய்ய அவருக்கு ஒரு நிமிடம் ஆனது.

அடுத்த ஞாயிறு அவர் சபையிலிருந்து திரும்பியதை நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை கசங்காமல், தலை படிய வாரி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார். பின்னால் அக்கா, முகமெல்லாம் சிரிப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வறுத்த மீனும் அவித்த கிழங்கும் ரொட்டியும். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"பிரசங்கம் எப்படி ஆரம்பிக்கும்னு தெரியும் சார். எப்படி முடியும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

போதகர் மேடையிலிருந்தே அவருக்கு நன்றி சொன்னாராம். ஊர் கர்த்தருடைய பிள்ளைகள் கைக்கு வரும்போது எல்லாம் எப்படி மாறும் என்பதற்கு இது முதல் அடையாளம் என்றாராம். மேட்டுத் தெருப் பெண்கள் வரிசையில் நின்று கைகுலுக்கினார்களாம். எனக்குக் கோயில் குளம் என்று எதுவும் கிடையாது, இருந்தாலும் அந்த மனிதரின் சந்தோஷத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இரண்டு மீன் சாப்பிட்டேன். அந்த வாரமே அவர் வேலையை விடுவதற்கான கடிதத்தை என்னிடம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் போடாமல் அலமாரியில் வைத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை. எனக்கு விடுமுறை, வழக்கம்போல அவர் பின்னால் நடந்தேன். மேட்டுத் தெருவுக்குத் திறப்பதற்கு முன்னால் பார்த்தால் வால்வில் லேசாகக் கசிவு. கசிவை அடைக்கச் சுற்றும் கயிறு தீர்ந்துவிட்டது. இரும்புக் கடைக்குப் போகப் பள்ளத் தெரு வழிதான் குறுக்கு. சனிக்கிழமைகளில் அவருக்கு இப்போது மேட்டில் வேலை, மற்ற நாளில் முனை வால்வைத் திறந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார் என்பதால் மூன்று வாரமாகத் தெருவுக்குள் போயிருக்கவில்லை.

பள்ளத் தெருவில் முக்கால்வாசிப் பேர் சலவை வேலை செய்கிறவர்கள். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு எல்லாம் அங்கேதான் வரும். வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி, கொடி, இஸ்திரி மேசை. சபை ஆட்கள் அங்கே யாரும் இல்லை. அந்தத் தெரு வழியாக வால்வுக்காரர் வசவு வாங்காமல் போய் நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் ஐந்து நிமிடம் தாமதமானாலும் சலவை அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, அவருடைய பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரு சுற்று விசாரிப்பார். இவரும் சளைக்காமல் பதில் சொல்வார். கேட்பவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது குசலம் விசாரிப்பது.

அன்றைக்குத் தெரு அமைதியாக இருந்தது. தொட்டிகள் வறண்டு கிடந்தன. அழுக்கு விரிப்பு மூட்டைகள் வாசலில் அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. நான்கைந்து பெண்கள் ஆற்றங்கரைக் கைபம்பிலிருந்து கேன்களில் தண்ணீர் தூக்கிவந்துகொண்டிருந்தார்கள். ஒரு மைல் தொலைவு இருக்கும். சலவை அக்கா தலையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்தவர், வால்வுக்காரரைப் பார்த்ததும் கேனை இறக்கிவைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"வாங்கய்யா" என்றார்.

வால்வுக்காரர் தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார். நான்தான் இருந்தேன்.

"என்னக்கா, தொட்டியெல்லாம் காய்ஞ்சு கிடக்கு? ஞாயித்துக்கிழமை தண்ணி வரலையா?"

"வருதுங்கய்யா. நல்லா வருது. ஒரு குறையும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்குக் கைபம்புக்குப் போறீங்க?"

 பக்கத்தில் நின்ற ஒரு பெண்தான் மெதுவாகச் சொன்னாள். விரிப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், ஞாயிறு சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை துவைத்தால்தான் காயும், இஸ்திரி போட முடியும். ஞாயிற்றுக்கிழமை வருகிற தண்ணீர் தொட்டி நிரம்பிச் சாக்கடையில் போகிறது. இரண்டு இடத்தில் ஈர விரிப்பைக் கொடுத்து, வேலையே போகிற மாதிரி ஆகிவிட்டதாம்.

"மூணு வாரமா இப்படித்தானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஐஞ்சு நிமிஷத்துக்கே என்னை உண்டு இல்லைன்னு ஆக்குவீங்களே" என்று வால்வுக்காரர் சலவை அக்காவைக் கேட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அந்த அம்மாள் கேன் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"அது அப்போங்கய்யா. இப்போ நீங்க மெம்பர் ஆகப் போறீங்கன்னு சொன்னாங்க. இனிமே எல்லாம் உங்க ஆளுங்கதானாம். நாங்க ஏதாவது சொல்லி, இருக்கிற செவ்வாய்க்கிழமையும் போயிடுச்சுன்னா என்ன பண்றது?"

வால்வுக்காரர் அந்தக் கேனைத் தூக்கினார். வேண்டாங்கய்யா, வேண்டாங்கய்யா என்று அந்த அம்மாள் பதறிக்கொண்டே பின்னால் ஓடினார். கேனை வாசலில் வைத்துவிட்டு, கயிறு வாங்காமலே திரும்பினார். மேட்டு வால்வைத் திறக்காமல், பள்ளத் தெருவுக்குத் திறந்துவிட்டார். பம்பு அறைக்குப் போய்ப் பலகையில் எழுதியிருந்ததையும் அழித்தார். மேட்டில் நான்கு வீட்டிலிருந்து என்ன ஏது என்று கேட்டார்கள். தப்பு என்னுடையது, நாளைக்கு வரும் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். என்ன நடந்தது என்று அக்கா என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். அந்த இரண்டு ஞாயிறும் வறுத்த மீன் சாப்பிட்டவன் என்பதால் எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. மறுபடி குழிக்குள் நின்று மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு மத்தியானம் வந்தார். அவர் காலைக்கூடக் கழுவவில்லை, மரக்கடைக்காரர் செருமாமலே உள்ளே வந்தார். கையில் மனுத் தாள் இருந்தது. மறுநாள்தான் கடைசி நாள்.

முறையைத் திருப்பியதில் மேட்டுத் தெருவில் பெரிய மனத்தாங்கல், அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். வால்வுக்காரர் தான் நிற்கப் போவதில்லை என்றார். பள்ளத் தெருவில் பார்த்ததையும் சொன்னார்.

மரக்கடைக்காரர் முரடர் இல்லை. சொன்னதைக் கடைசி வரை கேட்டார். முறை மாற்றச் சொன்னது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்காக ஊரையே விட்டுக்கொடுப்பதா என்பது அவர் கேள்வி.

"ஒரு தப்பு நடந்திருச்சு, சரி. அதுக்குன்னு நல்லவங்க எல்லாம் வீட்டுல உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தா சாராயக்கடை தானா மூடிக்குமா மாப்பிள்ளை? பசங்க அதைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போகுது. அதிகாரம் நம்ம கையில இல்லேன்னா இன்னொருத்தன் கையில இருக்கும். வேதத்துலயே நம்மாளு ஒருத்தரு வேத்து நாட்டு ராஜாவோட தானியக் களஞ்சியத்தைப் பார்த்துக்கிட்டாரே, அது தப்பா?"

"தப்பில்ல மச்சான். பஞ்சத்துல அவரு எல்லாருக்கும்தானே அளந்து போட்டாரு? நம்மாளு போகக் கூடாதுன்னு நான் சொல்லல. நீங்க நில்லுங்க, என் ஓட்டு உங்களுக்குத்தான். ஆனா ஊரு நம்ம ஆளுங்க கைக்கு வரணும்னு சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. நான் இன்னும் மெம்பரே ஆகல. ஒரு சாவியை நம்ம ஆளுங்களுக்காக ஒரு சுத்துத் திருப்பினேன். அதுக்கே அந்தம்மா என்னைப் பார்த்து ஒதுங்கி நிக்குது. என்னைப் பார்த்துப் பயப்படுது மச்சான். எனக்கு நேத்துலேருந்து மனசே சரியில்ல."

மரக்கடைக்காரர் தங்கை பக்கம் திரும்பினார். நீயாவது எடுத்துச் சொல் என்றார். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாரே தவிர ஒரு தையலும் போடவில்லை. நான்கு வாரமாக அந்த நாற்காலியைப் பற்றி அவர் என்னிடம்கூட இரண்டு தடவை பேசியிருக்கிறார். அதனால் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கே திக்கென்றிருந்தது.

"எனக்கு ஆசை இருந்துச்சுண்ணே, இல்லேன்னு சொல்லல" என்றார். "ஆனா கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இவரு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சது நேத்துதான். முட்டிக்கு நான் ஒத்தடம் குடுத்துக்குறேன். இதுக்கு நான் என்னத்தக் குடுக்குறது?"

மரக்கடைக்காரர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாள் அவரே மேட்டுத் தெருவுக்கு மனுப் போட்டார் என்று கேள்விப்பட்டோம். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அக்கா சீருடைக்கு அளவுக் காகிதமாக வெட்டிவிட்டார். அதில் என் எழுத்து அழகாக இருந்தது, கொஞ்சம் வருத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, வால்வுக்காரர் நேரே சலவை அக்கா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். இரும்புச் சாவியை வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார். உங்களைக் கேட்காமல் முறையை மாற்றியது தப்பு, இனிமேல் நடக்காது என்றார். நான் மெம்பருக்கும் நிற்கவில்லை என்றார்.

அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஆரம்பித்தார். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு என்னையும் ஒரு பிடி பிடித்தார், கூடவே சுற்றுகிற எனக்குக் கண் எங்கே போயிற்று என்று. வால்வுக்காரர் முகத்தைப் பார்த்தால் விருந்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு, எதற்காகத்தான் மாற்றினீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். மேட்டுத் தெருப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக முடியவில்லை என்று இவர் சொன்னார். தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" என்றார் சலவை அக்கா. "செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விரிப்பே கிடையாது. அதை அவங்களுக்குக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமையை எங்களுக்குக் குடுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் துணியைத் துவைச்சுக்குவோம். வாரம் பூரா குடிக்கிறதுக்குத் தொட்டியில நிரப்பிக்குவோம். கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்போமே. கேட்கிறதுக்கு வாய் வலிக்குமா?"

வால்வுக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். மேட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும், பள்ளத்துக்குச் சனியும் ஞாயிறும். எல்லோருக்கும் சரியாக வந்தது. பலகைக்கு முன்னால் நின்று தான் ஒரு நிமிடத்தில் செய்த வேலையை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். ஆனாலும் தெருவில் மற்றவர்களையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்லி, வீடு வீடாகப் போய்க் கேட்டார். மேட்டுத் தெருவிலும் கேட்டார். அதற்கு இரண்டு நாள் ஆனது.

அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை நாங்கள் அந்த வாசலில் இறங்கும்போதே சலவை அக்கா பின்னால் வந்தார்.

"உங்க மச்சான் நிக்கிறாராமே. சாராயக்கடையை மூடுறதுக்காமே?"

ஆமாம் என்றார் வால்வுக்காரர்.

"அங்க விழுந்து கிடக்கிறது முக்கால்வாசி எங்க வீட்டு ஆம்பளைங்கதான். அது எப்போ மூடும்னு நாங்க எத்தனை வருஷமா ஏங்குறோம்னு அவருக்குத் தெரியுமா? அவங்க ஆளுங்ககிட்டயே பேசிக்கிட்டு இருக்காரே, எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனாரா? ஒரு தடவை வரச் சொல்லுங்க. பயமெல்லாம் இல்ல, வந்து பேசச் சொல்லுங்க."

வியாழக்கிழமை சாயங்காலம், இரண்டு தெருவும் சம்மதித்த பிறகு, வால்வுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போனார். நான்கு நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மரக்கடைக்காரர் ஒரு பலகையின் ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை. வால்வுக்காரர் ஓர் அடுக்குப் பலகைமேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, சலவை அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். வீட்டு ஆம்பளைங்க என்ற இடம் வந்தபோது மரக்கடைக்காரர் பலகையைக் கீழே வைத்தார். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

மரத்தூளைச் செருப்பால் தள்ளினார். தன் பிரசாரத்துக்கு அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார். மேட்டுத் தெரு விசுவாசிகளுக்கு என்று அதன் தலையிலேயே போட்டிருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.  பிறகு ஒரே ஒரு தடவை செருமினார்.

"அந்தம்மா எந்த நேரத்துல போனா வீட்டுல இருப்பாங்க மாப்பிள்ளை?"

"எப்ப வேணும்னாலும் போங்க மச்சான்" என்றார் வால்வுக்காரர். "சனிக்கிழமை மட்டும் போயிடாதீங்க. அன்னிக்கு அவங்களுக்குத் துவைக்கிற நாள்."